நூறு இலை குறைந்த கழித்தல்

மகளே,

உன் தபால் வியாழக்கிழமை வந்தது. வீடு வரைக்கும் பொறுக்க முடியாமல் கோவில் முக்கிலேயே நின்று பிரித்துப் படித்தேன். உன் கையெழுத்து இன்னும் திருந்தவில்லை. பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் இப்படிக் கோழி கிண்டின மாதிரி எழுதினால் எப்படி? அது போகட்டும். எழுதியிருந்ததே நான்கு வரி. பள்ளிக்கூடத்தில் பெரிய சார் உன்னைக் கூப்பிட்டனுப்பினாராம். பிள்ளைகளை முதலில் ஏகதேசமாக, தோராயமாக ஒரு விடை சொல்ல வைத்து, பிறகு சிலேட்டில் கணக்குப் போட வைக்கிற உன் வழக்கத்தை இன்றோடு நிறுத்து என்றாராம். வருகிற மாதம் இன்ஸ்பெக்டர் வரும்போது ஒரு பிள்ளை எழுந்து நின்று "ஏகதேசம் அறுநூறு" என்று சொல்லிவைத்தால் பள்ளிக்கூடத்தின் மானம் போய்விடும், உன் வேலையும் நிரந்தரமாகாது என்று பயமுறுத்தினாராம். "கணக்குன்னா கணக்கு, குத்துமதிப்பெல்லாம் கணக்காகாது" என்று முடித்தாராம். நீயும் தலையாட்டிவிட்டு வந்து, "எதற்கு வம்பு அப்பா, நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன்" என்று எனக்கு எழுதியிருக்கிறாய்.

நிறுத்தாதே. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் சொல்லிவிட்டால் நீ ஏன் என்று கேட்பாய். சின்ன வயதிலிருந்தே உன் வாய் அப்படித்தான். அந்த ஏனுக்குப் பதில் பத்து வருஷமாக என் வயிற்றுக்குள் கிடக்கிறது. உன் பெரிய சார் சொன்ன அந்த வாக்கியத்தை, ஏறக்குறைய அதே சொற்களில், நானும் ஒருநாள் ஒரு மனிதரிடம் சொன்னேன். அந்த மனிதர் உன் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், கருங்கல் சந்தையில், மரச்சீனிக்கிழங்கு அவித்து விற்றுக்கொண்டிருக்கிறார். பெயர் மிக்கேல். உனக்கு முகம் நினைவிருக்காது. உனக்கு அங்கே வேலை கிடைத்தது என்று ஊரெல்லாம் சந்தோஷப்பட்டபோது நான் மட்டும் உம்மென்று இருந்தேனே, அதற்கு அவர்தான் காரணம். என்றைக்காவது அவரே உன்னிடம் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும். படித்த பிறகு இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம், உன் பெரிய சாருக்கும் காட்டலாம். மூடிவைக்கிற எண்ணம் எனக்குத் தீர்ந்துவிட்டது.

அப்போது உனக்கு ஒன்பது வயது. நம் ஊர் மாதா கோவில் திருநாளின் கடைசி நாள், பூசை முடிந்ததும் ஊர் முழுவதற்கும் கோவில் வளாகத்தில் சோறு போடுவது வழக்கம் என்பது உனக்குத் தெரியும். கோவில் அறையில் பூட்டி வைத்திருக்கும் அரிசியை இலைக்கு ஒரு நாழி வீதம் அளந்து சமையல்காரரிடம் கொடுப்பார்கள். அந்த வருஷம் மீன் பாடு மிகவும் மோசம். வீடு வீடாகப் பிரித்துச் சேர்த்த அரிசியும் குறைவு. அதனால் ஒரு பிடி கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று பெரியவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பல குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு வேறு கரைகளுக்குத் தங்கலுக்குப் போயிருந்தன. தங்கல் என்றால் அங்கேயே குடிசை போட்டு மாதக்கணக்கில் தங்கி மீன்பிடிப்பது என்று உன் கருங்கல் சிநேகிதிகளுக்கு நீதான் விளக்க வேண்டும். ஊரில் மீதி இருப்பது எத்தனை பேர் என்று கணக்கெடுத்துச் சொல்லும்படி பங்குச் சாமியார் என்னிடம் சொன்னார். கோவில் பட்டியலில் மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். தங்கலுக்குப் போனவர்கள் நூற்று எண்பத்தேழு பேர். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

சாமியாரும் ஊர்ப் பெரியவர்களும் சுற்றி நின்றார்கள். உட்கார்ந்து நிதானமாகப் போட்டிருக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் நம் கடற்கரையில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன், வலைக்காரன் மகன் வாத்தியாராகிவிட்டான் என்று நான்கு பேர் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத் தலை வீங்கிப் போயிருந்தவன். நின்றபடியே, பட்டியலின் பின்னட்டையில் எழுதி, மூச்சு விடுகிற நேரத்துக்குள் விடையைச் சொன்னேன். முந்நூற்று இருபத்தைந்து. நீ இப்போது உன் மனசுக்குள் போட்டுப் பார்த்திருப்பாய். ஆறிலிருந்து ஒன்று கடன் வாங்கி அதை ஐந்தாக்கினேன். அதைக் குறித்துவைத்ததையும் மறந்து இன்னொரு தரம் ஒன்றைக் குறைத்து நான்காக்கினேன். நான்கில் ஒன்று போக மூன்று. மூன்றாம் வகுப்புப் பிள்ளை செய்கிற பிழை. அந்தப் பிழைக்கு எத்தனையோ பிள்ளைகளின் காதை நானே திருகியிருக்கிறேன். என் காதைத் திருக அங்கே யாரும் இல்லை.

ஒருவர் இருந்தார். சோறு பொங்குகிற பெரிய வார்ப்பைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த மிக்கேல் நிமிர்ந்து பார்த்தார். எங்கள் கரையில் கல்யாணம், திருநாள் எதுவானாலும் அவர் கைச் சமையல்தான். அவருக்கு எழுத்துத் தெரியாது, கைநாட்டு. "சாரே, முந்நூத்தி இருவத்தஞ்சா? அது எப்பிடி?" என்றார். "அறுநூறு பேருல எறநூறு பேரு தங்கலுக்குப் போயாச்சுன்னே வையுங்க. பொறவும் நானூறு எலை விழணுமே." நான் சிரித்தேன். அது அறுநூறு இல்லை, அறுநூற்றுப் பன்னிரண்டு. இருநூறு இல்லை, நூற்று எண்பத்தேழு என்று திருத்தினேன். அவர் விடவில்லை. "அதாக்கும் நானும் சொல்லுகேன். இருக்கப்பட்ட ஆளக் கொறச்சு அறுநூறுன்னு எடுத்தேன். போன ஆளக் கூட்டி எறநூறுன்னு எடுத்தேன். ரெண்டு பக்கமும் கொறச்சுப் பாத்தும் நானூறு நிக்குது. அதுக்குக் கீழ போக வழியே இல்ல சாரே." இவ்வளவு தெளிவாக ஒரு மனிதர் சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மிக்கேலே, கணக்குன்னா கணக்கு. உம்ம குத்துமதிப்புக்குக் கோவில் அரிசிய அளக்க முடியாது." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முந்நூற்று இருபத்தைந்து நாழி அளந்து கொடுத்தார்கள், அதற்குமேல் ஒரு மணி கிடையாது.

பந்தியில் முதலில் ஆண்கள், பிறகு பிள்ளைகள், கடைசியில் பெண்கள் என்பது ஊர் வழக்கம். நீ பிள்ளைகள் பந்தியில் உட்காராமல் அம்மையோடுதான் இருப்பேன் என்று அடம்பிடித்துக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தாய். இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று, ஓரத்தில் உப்பும் வைத்தாயிற்று. சோறு வரவில்லை. முன்வரிசையில் நாலைந்து இலைக்கு வந்தது, அதோடு வார்ப்பு சுரண்டுகிற சத்தம் கேட்டது. காலையிலிருந்து மீன் கழுவி, தேங்காய் அரைத்து, தண்ணீர் சுமந்த அத்தனை பெண்களும், ஏகதேசம் நூறு பேர், வெறும் இலைக்கு முன்னால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். உன் அம்மை உன் இலையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். அந்தக் காட்சியை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

அளந்த அரிசி சரி, வாத்தியார் சொன்ன கணக்கும் சரி, அப்படியானால் சோறு எங்கே போயிற்று? கேள்வி நேராக மிக்கேலிடம் போனது. யாரும் இலையை எண்ணிப் பார்க்கவில்லை. நான் எண்ணிச் சொன்ன பிறகு எண்ணுவானேன் என்று இருந்துவிட்டார்கள். நான்கு ஆண்கள் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பானையில் சோறு இருந்தது. அவர் மனைவி பிள்ளை பெற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை. சமையல்காரர் வீட்டுக்கு ஒரு பானைச் சோறு போவது எந்தத் திருநாளிலும் உள்ளதுதான், அது அவருடைய உரிமை. அன்றைக்கு அது தொண்டியாகி, களவுக்குச் சாட்சியாகிவிட்டது. அந்தப் பானையைக் கொண்டுவந்து கொடிமரத்தடியில் வைத்தார்கள். மிக்கேல் யாரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "சாரே, நீங்க சொல்லுங்க. நானூறுக்குக் கொறையாதுன்னு நான் சொன்னேனா, இல்லியா?" நான் அப்போதும் என் கணக்கு சரியென்றே நம்பினேன். அதனால், "ஆள் முந்நூத்தி இருவத்தஞ்சுதான். அதுல மாத்தம் இல்ல" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். இனிமேல் கோவில் வார்ப்பைத் தொடக்கூடாது என்று அவரை விலக்கிவிட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் நீ என் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்: "அப்பா, மிக்கேல் மாமா சோத்தக் களவெடுத்தாரா?" நான், "எனக்கெப்பிடி மக்ளே தெரியும்? பேசாம நட" என்றேன். அது அன்றைக்குப் பொய்யில்லை. அடுத்த நாளே பொய்யாகிவிட்டது.

மறுநாள் நான்காம் வகுப்பில் என்ன கணக்குப் போடுவது என்று யோசித்தபோது வேறு எந்த எண்ணும் வாயில் வரவில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டில் நூற்று எண்பத்தேழு போனால் எவ்வளவு என்று பலகையில் எழுதிவிட்டு உட்கார்ந்தேன். முதல் பிள்ளை சிலேட்டைக் கொண்டுவந்தான். நானூற்று இருபத்தைந்து. தப்பு என்று தலையில் ஒரு குட்டு வைத்து அனுப்பினேன். இரண்டாவது பிள்ளையும் நானூற்று இருபத்தைந்து. அவனுக்கும் ஒரு குட்டு. மூன்றாவதாக வந்த பெண் சிலேட்டை நீட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றாள், குட்டை எதிர்பார்த்து. அவள் சிலேட்டை வாங்கி வரிவரியாகப் பார்த்தேன். பிறகு நானே பலகையில் போட்டேன். நானூற்று இருபத்தைந்து. குட்டு வாங்கிய இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பலகையை அழித்துவிட்டு, வகுப்பை விளையாட அனுப்பிவிட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே சாமியார் வீட்டுக்குத்தான் போனேன். இதை நீ நம்ப வேண்டும், போகத்தான் செய்தேன். வாசலில் ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் பேசிக்கொண்டு நின்றார்கள். என்னைக் கண்டதும், "வாருங்க சாரே, நீங்க இல்லேன்னா அந்தப் பயலக் கண்டுபிடிச்சிருக்கவே முடியாது" என்றார் ஒருவர். நான் சிரித்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் பல்லைக் காட்டி நின்றேன். பிள்ளைகளின் வரவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பினேன். பள்ளிக்கூடமே சாமியார் கையில் இருந்தது, வேலை போய்விட்டால் உன் படிப்பு என்னவாகும் என்று அன்றைக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய். உன்னை நினைத்து நான் பயப்படவில்லை. வாத்தியாருக்குக் கழிக்கத் தெரியவில்லை என்று ஊர் சிரிக்குமே என்றுதான் பயந்தேன். ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது. அதற்குள் மிக்கேலைக் கல்யாணச் சமையலுக்கும் யாரும் கூப்பிடவில்லை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவரும் மனைவியும் ஊரை விட்டே போனார்கள். கருங்கலில் கிழங்குக் கடை போட்டிருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து நான் கருங்கல் சந்தைக்குப் போனதில்லை.

இதற்குப் பிறகுதான் வகுப்பில் அந்த வழக்கத்தைத் தொடங்கினேன். நீ அந்த வழக்கத்திலேயே வளர்ந்தாய். அது எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியாது. முதலில் ஏகதேசம் சொல், சிலேட்டின் மூலையில் எழுதிவை, பிறகு கணக்கைப் போடு, இரண்டும் தூரமாக நின்றால் நீ எங்கோ தவறியிருக்கிறாய் என்று கற்றுக்கொடுத்தேன். தொடக்கத்தில் நானே அதை மொண்ணையாகத்தான் கற்றுக்கொடுத்தேன். கடைசி இலக்கம் ஐந்துக்குக் கீழே என்றால் கீழ்ப் பத்துக்கு இறக்கு, ஐந்தும் அதற்கு மேலும் என்றால் மேல் பத்துக்கு ஏற்று, இதுதான் சட்டம் என்று பிரம்பைத் தட்டிச் சொன்னேன். உன் வகுப்பில் பிலோமி என்று ஒரு பெண் இருந்தாளே, மீன் விற்கிறவள் மகள், அவள் எழுந்து, "சாரே, ஒரு வள்ளம் முப்பது பேரத்தான் தாங்கும். மூணு வீட்டுலேருந்து பதினாலு பதினாலு பேரு வாறாவ. உங்க சட்டத்துக்கு பத்தும் பத்தும் பத்தும் முப்பது. ஏத்திருவமா?" என்று கேட்டாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நாற்பத்திரண்டு பேரை ஏற்றி வள்ளத்தை மூழ்கடிக்கப் பார்த்த வாத்தியார் பிரம்பைக் கீழே வைத்தேன். ஆளை ஏற்றுகிற இடத்தில் ஆளைக் கூட்டித்தான் எடுக்க வேண்டும். சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தால் போதாது, எதற்காக ஏகதேசம் பார்க்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவளிடம்தான் தெரிந்துகொண்டேன்.

அதனால் நீ சொல்லிக்கொடுக்கும்போது இதைப் பிள்ளைகள் மனசில் பதிய வை. கூட்டும்போது ஒரு எண்ணைக் கொஞ்சம் ஏற்றி, இன்னொன்றைக் கொஞ்சம் இறக்கினால் பிழை ஒன்றையொன்று தின்றுவிடும். விடை உண்மைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். முந்நூற்று நாற்பத்தெட்டும் இருநூற்று எழுபத்திரண்டும் என்றால் முந்நூற்று ஐம்பதும் இருநூற்று எழுபதும் என்று எடு, அறுநூற்று இருபது; சரியாகப் போட்டாலும் அறுநூற்று இருபதுதான். கழிக்கும்போது இது தலைகீழ். ஒன்றை ஏற்றி மற்றதை இறக்கினால் பிழை இரண்டு பங்காகும். அங்கே இரண்டையும் ஒரே பக்கமாக நகர்த்த வேண்டும், ஏற்றினால் இரண்டையும் ஏற்று, இறக்கினால் இரண்டையும் இறக்கு. ஆனால் இதற்குக் கீழே போகவே போகாது என்ற எல்லை தெரிய வேண்டுமானால், வேண்டுமென்றே இருப்பதைக் குறைத்து, போவதைக் கூட்டி எடு. மிக்கேல் அன்றைக்குச் செய்தது அதுதான். எந்தப் புத்தகமும் படிக்காமல் அதைச் செய்தார். நான் புத்தகம் படித்திருந்தும் அது என் காதில் ஏறவில்லை.

உன் பெரிய சாரிடம் சண்டை போடாதே. அவர் கெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு நான் இருந்த இடத்தில் இன்றைக்கு அவர் இருக்கிறார், அவ்வளவுதான். ஏகதேசம் என்பது சரியான விடைக்குப் பதிலாக வைக்கிற சோம்பேறி விடை இல்லை என்று அவருக்குச் சொல். சரியான விடைக்குக் காவல் அது. உன் பிள்ளைகள் மற்ற வகுப்புப் பிள்ளைகளைவிடக் குறைவாகப் பிழை செய்வதைச் சிலேட்டைக் கொண்டுபோய்க் காட்டு. அதற்கு நீ அவர்களைச் சரியான கணக்கிலும் விட்டுக்கொடுக்காமல் பழக்க வேண்டும். ஏகதேசம் சொல்லிவிட்டோம் என்று கடைசி இலக்கத்தில் அசட்டையாக இருந்தால் அவர் சொல்வது நியாயமாகிவிடும். இன்ஸ்பெக்டர் கேட்டால் பிள்ளைகள் எழுந்து முதலில் ஏகதேசத்தைச் சொல்லட்டும், உடனே சரியான விடையையும் சொல்லட்டும். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஒரு வாத்தியார் பலகையில் தப்பாகப் போட்டால், "இல்ல சாரே, அது வராதே" என்று எழுந்து சொல்லக்கூடிய பிள்ளைகள் உன் வகுப்பில் இருக்க வேண்டும். அப்படிச் சொல்கிற பிள்ளையைச் சிரித்து உட்கார வைக்காத ஆசிரியையாக நீ இருக்க வேண்டும். எனக்கு இதைவிடப் பெரிய ஆசை எதுவும் இல்லை.

நேற்று உன் அம்மையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வலைக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.  பிறகு, "அந்த வெறும் எலைக்க முன்னால நானும் என் பிள்ளையும் இருந்தோம். வயிறு காஞ்சத நான் என்னைக்கோ மறந்தாச்சு. ஆனா பச்ச ஒடம்புக்காரிக்க பானைய முத்தத்துல கொண்டு வச்சாவளே, அத நீங்க பாத்துக்கிட்டா நிண்ணிய?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்குத் தெரியாது என்றேன். "மறுநாளு தெரிஞ்சுல்லா?" என்றாள்.  "இன்னும் எதுக்கு இங்க இருக்கிய? போய்ச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். இன்று காலையில் கஞ்சி வைத்தாள், பேச்சு மட்டும் இல்லை. அது அவள் நியாயம்.

சனிக்கிழமை கருங்கலுக்கு வருகிறேன். உன் பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டேன், நீயும் சந்தைக்கு வர வேண்டாம்; மகள் பக்கத்தில் நின்றால் மிக்கேல் தம் வாயில் வருவதைச் சொல்லத் தயங்குவார். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளப் போகிறேன். மன்னிப்பை எதிர்பார்த்து நான் போகவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனங்கள் கலைவதற்கு முன்னால் சாமியாரிடம் உத்தரவு வாங்கி, கொடிமரத்தடியில் நின்று, அன்றைய கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டி, பிழை எங்கே என்று விரலை வைத்துச் சொல்லப் போகிறேன். மிக்கேல் கூட வந்தாலும் சொல்வேன், வராவிட்டாலும் சொல்வேன். சாமியார் உத்தரவு தரவில்லையென்றால் வாசலுக்கு வெளியே நின்று சொல்வேன். என் வேலையைப் பறித்தால் பறிக்கட்டும். மிக்கேல் மேல் போட்ட விலக்கை எடுத்து, வருகிற திருநாளுக்கு அவரைக் கூப்பிடும் வரைக்கும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நின்று கேட்பேன். இதில் இனிப் பின்வாங்குவதாக இல்லை.

இந்தச் செய்தி எப்படியும் கருங்கல் வரைக்கும் வந்து சேரும். கழிக்கத் தெரியாத வாத்தியாரின் மகளா கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று யாராவது உன் காதுபடப் பேசுவார்கள். தலையைக் குனியாதே. ஆமாம் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போ. உன் வேலை இதனால் போனால் வீட்டுக்கு வா; கஞ்சியோ கிழங்கோ, இருப்பதைப் பகிர்ந்து சாப்பிடலாம். ஆனால் சரியென்று தெரிந்ததைச் சொல்லப் பயந்து நிறுத்திவிட்டேன் என்று மட்டும் வந்து நிற்காதே, மகளே. அப்படிப்பட்ட ஆள் இந்த வீட்டில் ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான், இன்னொருவருக்கு இங்கே இடமில்லை.

உன் அப்பா